போர்டிங்கிலிருந்து அடுத்து எங்கே: ஆபரேஷன்ஸா, டெமரேஜ் கணக்கா?

போன வாரம் சித்தப்பா மகன் கோட்டையூரிலிருந்து வந்து நின்றான். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அஞ்சு வருஷமாகப் போர்டிங் பார்க்கிறான், அதாவது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறித் தாள்களையும் வேலைகளையும் கவனிப்பது. "அண்ணே, சென்னையில ரெண்டு இடத்துல கூப்பிடுறாக, ஒண்ணு ஆபரேஷன்ஸ், இன்னொண்ணு லேடைம், எதுக்குப் போகட்டும்?" லேடைம் என்பது சரக்கு ஏற்றி இறக்க ஒப்பந்தம் தரும் நேரம், அது தாண்டினால் கப்பல்காரருக்குக் கட்ட வேண்டிய தாமதத் தொகைதான் டெமரேஜ். இந்தக் கணக்கைப் போடுவதுதான் லேடைம் வேலை. நான் போர்டிங்கில் ஆறு வருஷம், லேடைமில் நாலு வருஷம் இருந்துவிட்டு இப்போது ஆபரேஷன்ஸில் இருப்பதால் அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

போர்டிங் பார்த்தவர் கண்ணுக்கு ஆபரேஷன்ஸ்தான் நேர் வழியாகத் தெரியும். ஒரே துறைமுகத்துக்கு வந்த கப்பல்களையெல்லாம் பார்த்தவர், இனி ஒரே கப்பலை அது போகிற துறைமுகமெல்லாம் பார்க்கப் போகிறார். கேப்டனுக்குப் பயண உத்தரவு, பங்கர் (கப்பல் எரிபொருள்) எங்கே மலிவு, தினமும் மதியம் கப்பலிலிருந்து வரும் நூன் ரிப்போர்ட்டில் வேகமும் எண்ணெய்ச் செலவும் ஒப்பந்தப்படி இருக்கிறதா, ஏஜென்ட் அனுப்பிய துறைமுகச் செலவுக் கணக்கில் எது கூடுதல். கடைசியாகச் சொன்னதில் நம் ஆளை யாரும் ஏமாற்ற முடியாது, நேற்றுவரை அந்தக் கணக்கைத் தயாரித்தவரே அவர்தானே. சம்பளமும், நான் பார்த்த வரையில், இதில் சீக்கிரம் ஏறும், சிங்கப்பூர், துபாய் வாய்ப்பும் கூட. ஆனால் கப்பலுக்கு ஞாயிறு, பொங்கல் எதுவும் கிடையாது. வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே பிரேசிலிலிருந்து போன் வரும், எழுந்துதான் ஆக வேண்டும்.

லேடைம் வெளியிலிருந்து பார்த்தால் எக்செல் வேலை. உள்ளே போனால்தான் அதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று புரியும். போர்டிங்கில் இருக்கும்போது, கப்பல் தயார் என்று சொல்லும் நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ் எத்தனை மணிக்கு வந்தது, மழையில் ஹேட்ச் (சரக்கறை மூடி) எப்போது மூடினார்கள் என்று, நடந்ததை நேரவாரியாகக் குறிக்கும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு அடுத்த கப்பலுக்கு ஓடிவிடுவோம். கென்கான் 1994 என்ற மாதிரிக் கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் அந்த நோட்டீஸ் பகல் 12 மணிக்குள் கொடுக்கப்பட்டால் 13 மணிக்கு லேடைம் தொடங்கும். 12 தாண்டி அலுவலக நேரத்தில் கொடுத்தால் அடுத்த வேலைநாள் காலை 6 மணிக்குத்தான். மறுநாள் வேலைநாளாகவே இருந்தாலும் 11:50-க்கும் 12:10-க்கும் நடுவே 17 மணி நேரம் போய்விடுகிறது. டெமரேஜ் ஒரு நாளுக்கு 15,000 டாலர் என்று வையுங்கள், 10,625 டாலர் யார் பக்கம் என்பது அந்த இருபது நிமிஷத்தில் இருக்கலாம். மழை நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கழிக்கும் ஒப்பந்தமாக இருந்தாலும், லேடைம் தீர்ந்து டெமரேஜ் ஓட ஆரம்பித்துவிட்டால் பொதுவாக மழையும் கழியாது, ஞாயிறும் கழியாது. இதெல்லாம் தெரிந்த பிறகு என் பழைய கப்பல்களின் தாள்களை நினைத்து எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

லேடைமுக்கு மாறியபோது எனக்குக் கையில் வருவது குறைந்தது, துறைமுகத்தில் கிடைத்த ஓ.டி.யும் படியும் நின்று ஒன்றரை வருஷம் இழுபறிதான். வீட்டில் ஆச்சிக்கு அது பிடிக்கவே இல்லை. அப்புறம் லேடைமிலேயே பத்து வருஷம் உட்கார்ந்துவிட்டால் கப்பல் ஓடுகிற இடத்திலிருந்து விலகிவிடுவோம், எல்லாம் முடிந்த பயணங்களாகவே கைக்கு வரும்.

மூன்றாவதாகக் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலையையும் சிலர் சொல்வார்கள். சொந்தத் தொழில் ஆசை இருந்தால் நல்லது, ஆனால் அது லைசென்ஸ் தேர்வு, சரக்கு வகைப்பாடு என்று வேறு உலகம்.

என் முடிவு: லேடைம் இரண்டு வருஷம், பிறகு ஆபரேஷன்ஸ். பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் நடத்திய வட்டிக் கடைகளில் ஒருவர் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக)ச் சேர்ந்து, கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி (முதலாளுக்கு அடுத்தவராகி), பிறகுதான் அவர் கையில் கடையைக் கொடுத்தார்கள். இதுவும் அப்படித்தான். சார்ட்டர் பார்ட்டியை (கப்பல் வாடகை ஒப்பந்தத்தை) வரி வரியாகப் படித்த ஆபரேட்டர், தகராறு வரப்போகிற இடத்தில் கேப்டனிடமிருந்து முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வைத்துவிடுவார். நேராக ஆபரேஷன்ஸுக்குப் போன என் நண்பர்கள் பலர் இதைப் பணம் இழந்துதான் கற்றார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, சம்பளம் குறையக்கூடாது என்பவர் மட்டும் நேரே ஆபரேஷன்ஸுக்குப் போகட்டும், அதில் தப்பில்லை.

தம்பியிடம் கென்கானின் 6, 7-ஆம் பிரிவுகளை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறுவதற்குள் அவன் பார்த்த ஒரு நிலக்கரிக் கப்பலின் கணக்கைக் கையாலேயே போட்டுக் காட்ட வேண்டும், சரி என்று போயிருக்கிறான்.