டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா: ஊர்க்குளத்து வேலைக்கு எது ஒத்துவரும்?

அவிநாசிப் பக்கத்துக் குளம் ஒன்றில் சீமைக்கருவேலம் வெட்டுவதில் தொடங்கிய எங்கள் குழுவைச் சங்கமாகத்தான் பதிந்தோம். இதைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் அலசல் இது இல்லை. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்றானதும் ஊருக்கு ஊர் குழுக்கள் முளைக்கின்றன. அவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எப்படிங்க பதிஞ்சீங்க?" என்பதுதான். அதற்கான பதிலையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பதிவே வேண்டாம் என்ற கட்சியும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப் குரூப், ஒருவருடைய ஜிபே நம்பர், முடிந்தது கதை. பொக்லைன் வாடகை ஆயிரக்கணக்கில் இருக்கும்வரை ஓடும். லட்சத்தைத் தொட்டால் அந்தப் பணமெல்லாம் கணக்குக்காரரின் சொந்த வரவு மாதிரி தெரியும். வருமான வரி நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பனியன் கம்பெனிக்காரர்களும் ரசீது கேட்பார்கள். அதனால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

வருமான வரி விஷயத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் இரண்டையும் மூன்று வகை அமைப்புகளும் வாங்கலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் ஆதார விதி அதேதான்: வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் சட்டப்படி செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணம் வாங்கவும் மூன்றுக்கும் தகுதி உண்டு. "கம்பெனியா பதிஞ்சாத்தான் சிஎஸ்ஆர் வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வருஷ நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. எங்களுக்குக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்காரர்கள் இல்லை. கூட்டு வியாபாரம் நடத்துகிறவர்கள், சொந்தப் பையிலிருந்து கொடுப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது 80ஜி ரசீது, அப்புறம் குளத்துக்கரையில் ஒரு போட்டோ.

முதலில் பிரிவு 8 கம்பெனி, அதாவது லாப நோக்கமில்லாத கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது. நானே நடத்திப் பார்த்ததில்லை, நடத்துகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். மேலாண்மை ஒழுங்கு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் கறார். கம்பெனிப் பதிவாளர் அலுவலகமும் கோவையிலேயே இருக்கிறது, வேலை முழுக்க ஆன்லைன். இரண்டு இயக்குநர்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் வருஷாந்திரக் கணக்குப் படிவம், ஆண்டறிக்கைப் படிவம் இரண்டும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டையும் ஒரு வருஷம் போட்டுவைத்தால் 73,000 ரூபாய். ஒரு வாய்க்காலைத் தூர்வாரும் காசு அது.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர், ஐந்து வருஷத்துக்கு வேறு கம்பெனியில் இயக்குநராக நியமனம் பெற முடியாது. கோவையிலும் திருப்பூரிலும் பொதுக்காரியத்துக்கு முன்வருகிறவர்கள் பலர் ஏற்கெனவே சொந்த மில்லுக்கோ பவுண்டரிக்கோ இயக்குநர்கள். குளத்துக்காக ஒரு கையெழுத்துப் போட்டு, குழு தூங்கிப்போனதால் சொந்தத் தொழிலில் சிக்கிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? முழுநேரக் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வேலை இருந்தால் கம்பெனியைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

டிரஸ்ட்டைப் பற்றி அப்படி அலட்சியமாகப் பேச முடியாது. கொங்கு நாட்டில் தருமம் என்றாலே டிரஸ்ட்தான். பீளமேட்டு பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு எழுதிவைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் இருக்கும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் அதிலிருந்து வந்தவை. கோவையில் நீர்நிலைகளுக்காக 2003இல் தொடங்கிய சிறுதுளியும் டிரஸ்ட்தான். பதிவும் சுலபம்: சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம், இரண்டு டிரஸ்டிகள். மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் எல்லாப் பொது டிரஸ்ட்களையும் கண்காணிக்கும் தனிச்சட்டம் இங்கே கிடையாது. அதனால் வருமான வரிக் கணக்கைத் தவிர, பதிவு அலுவலகத்துக்கு வருஷாவருஷம் எதையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஆடிட்டர் முதலில் சொன்னதும் இதைத்தான்: "டிரஸ்ட்டா போட்டுருங்க, தலைவலி இல்லை."

பராமரிப்பு என்றால் காகிதம் மட்டும்தான் என்றால் அவர் சொன்னது சரி. எங்களுக்குக் காகிதத்தைவிட ஆள்தான் பெரிய கவலை. குளத்து வேலைக்கு ஓடிவருகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள் இல்லை. கல்யாணமாகி ஒருவர் பெங்களூரு போவார். ஒருவருக்கு ஆர்டர் கூடி நேரமிருக்காது. ஒருவர் வார்டு தேர்தலில் நிற்பார், அவரை வைத்துக்கொண்டால் எதிர்த்து நின்றவருடைய தெரு வேலைக்கே வராது. டிரஸ்ட்டில் நிறுவனர் பெரும்பாலும் ஆயுள்கால டிரஸ்டி. அவரை மாற்றுவது எப்படி என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் பிழைத்தோம். எழுதாமல் விட்டிருந்தால், தகராறு முற்றும்போது சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ் அனுமதி வாங்கி வழக்குப் போடுவதுவரை போகும். நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு டிரஸ்ட், இரண்டு டிரஸ்டிகள் பேசிக்கொள்ளாததால் செக்கில் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் முடங்கிக் கிடந்ததை எங்கள் தாலுகாவிலேயே பார்த்திருக்கிறோம். பணம் பேங்கில் இருந்தது, கன்றுகளுக்குத் தண்ணீர் விட லாரிக்குக் கொடுக்க முடியவில்லை.

சங்கத்தில் இந்த ஆள் மாற்றத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் சேர்ந்தால் பதியலாம். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது. அதற்குமேல் இருக்க வேண்டுமென்றால் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தலைவரைப் பார்த்து "அண்ணா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்று யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, தேதி வந்தால் பொதுக்குழு கூடியாக வேண்டும். மரியாதை பார்க்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று குழு நடத்தியவர்களுக்குத் தெரியும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக்கொடுத்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம் என்பதும் பொருளாளரை நிதானமாக வைத்திருக்கும்.

நடைமுறையில் மாற்றம் இப்படித்தான் நடக்கும். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பொதுக்குழு. வந்தவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவார்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏறும். அடுத்து படிவம் 7இல் பழைய நிர்வாகிகள், புதிய நிர்வாகிகள் பட்டியலை நிரப்பி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதன் சான்றிட்ட நகலோடும் தீர்மான நகலோடும் போனால்தான் பேங்கில் செக் கையெழுத்து மாறும். பேங்க் மேனேஜர் மினிட் புத்தகத்தை அதிகம் பார்க்கமாட்டார், பதிவாளரின் முத்திரையைப் பார்ப்பார். அலைச்சல்தான். ஆனால் யாரோடும் சண்டை போடாமல் ஆள் மாறிவிடுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை வருஷாந்திரத் தாக்கல். மார்ச் 31இல் கணக்கு முடிந்தால் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், பொதுக்குழு கூட்டித் தணிக்கைக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். இதைச் சில வருஷம் மறந்துவிட்டு, நிர்வாகி மாற்றத்துக்கு மட்டும் போய் நிற்கும் சங்கங்கள்தான் பாக்கியெல்லாம் தீர்க்கச் சொன்னதும் அல்லாடுகின்றன. நாங்கள் ஆடி பதினெட்டையொட்டியே கூட்டத்தை வைத்துக்கொள்கிறோம். வெளியூர்க்காரர்களும் ஊருக்கு வந்திருப்பார்கள், ஆடிட்டருக்கும் அவகாசம் இருக்கும்.

சங்கத்தில் ஒரு நிஜமான ஆபத்து உண்டு. தேர்தலுக்கு முன்னால் ஒரு கோஷ்டி ஐம்பது பேரைச் சந்தா கட்டவைத்து உள்ளே இறக்கினால் சங்கம் கைமாறிவிடும். குளத்தைச் சுற்றி மண் அள்ளும் ஆட்களும் ஆக்கிரமிப்பாளர்களும் இருக்கும் ஊரில் இது வெறும் கற்பனை இல்லை. அதனால் சங்கத்தின் விதிமுறையான பைலாவிலேயே போட்டுவிட்டோம்: சேர்ந்து ஒரு வருஷம் ஆகி, சந்தா பாக்கி இல்லாதவருக்குத்தான் ஓட்டு. புதிதாகச் சேர்ப்பது செயற்குழு ஒப்புதலோடுதான். கணினி சென்டரில் கிடைக்கும் மாதிரி பைலாவில் இதெல்லாம் இருக்காது. பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இது இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது, கடுமையான போட்டித் தேர்தல் ஒன்று வந்தால் தாங்குமா என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஒரே குடும்பத்தின் பணம், ஒரே குடும்பத்தின் மேற்பார்வை என்றால் தாராளமாக டிரஸ்ட் போடுங்கள், மாற்று டிரஸ்டி விதியை மட்டும் வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பல தெருக்காரர்கள் கூடிச் செய்யும் வேலைக்குத்தான் நான் சங்கம் என்கிறேன். நிலம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் எங்களிடம் பாக்கி இருக்கிறது. நாற்றங்காலுக்காகக் கொஞ்சம் காடு (விவசாய நிலம்) எழுதித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், ஆனால் "ஓட்டுப் போட்டு ஆள் மாறுற இடத்துக்கு எழுதமாட்டேங்க" என்கிறார். அதற்கு மட்டும் தனியாக ஒரு டிரஸ்ட் போடலாமா என்று பேச்சு ஓடுகிறது. ஆடிட்டர், இரண்டு கணக்கா என்று இப்போதே முகத்தைச் சுளிக்கிறார்.