டெங்குக் காய்ச்சலுக்குப் பனடோலா, புரூபனா?

மழை ஓய்ந்தால் கொழும்பில் டெங்குதான். வெள்ளவத்தைப் பாமசிகளில் இந்தக் கேள்வியும் கூடவே வரும்.

வைரஸைக் கண்ட நோயெதிர்ப்புக் கலங்கள் விடும் சமிக்ஞையால் மூளையில் புரொஸ்டகிளாண்டின் என்ற இரசாயனம் கூடி, உடல் வெப்பத்தை உயர்த்துகிறது. அதுதான் காய்ச்சல். பனடோல் (பரசிற்றமோல்) பெரும்பாலும் மூளையிலேயே அதைக் குறைக்கும். மற்ற இடத்து அழற்சியை அவ்வளவாகத் தொடாது. புரூபன் (இபுபுரூபன்) உடம்பு முழுக்க அழற்சியை அடக்கும். மூட்டு நோவுக்கு அது கெட்டிக்காரன்தான். ஆனால் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் தடுக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். டெங்கில் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறையும். இரத்தக்கசிவுக்கு நாமே வழிவிடுவானேன்?

ஆகவே பனடோல்தான். அதுவும் வளர்ந்தவருக்கு 24 மணிநேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, ஈரல் தாங்காது. இரண்டுமே வைரஸைக் கொல்லாது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்துக் கட்டம் தொடங்கலாம். அப்போது வைத்தியரிடம் காட்டாமல் இருக்க வேண்டாம்.