வால்வும் டிரான்சிஸ்டரும்: பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாதம்

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே மோனோரயில் ஓடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகுதான் எனக்குக் கச்சேரி. கேட்பது சென்ஹைசர் எச்டி 650, எச்டி 800 எஸ் என்ற இரண்டு ஹெட்ஃபோன்களில். இரண்டுமே காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்த அமைப்பு. வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வந்துவிடும்.

2003-இல் வெளிவந்த 650 என்னுடையது. 800 எஸ் மைத்துனரிடம் ஒரு மாதத்துக்கு வாங்கிய இரவல். திருப்பித் தர மனம் வராதோ என்று பயந்தேன். நாகசுரம் மேலே ஏறும்போது ஊதுவாயான சீவாளியின் கரகரப்பைக்கூட அது காட்டுகிறது. தவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கை நீட்டிச் சொல்லலாம். ஆனால் பழைய ஒலிப்பதிவுகளில் நாடாவின் இரைச்சலையும் அப்படியே கொட்டுகிறது. 650 அதை மன்னித்துவிடுகிறது.

ஆம்ப்ளிஃபையரில்தான் சுவை. என்னிடம் வால்வு (வெற்றிடக் குழாய்) பெட்டி ஒன்று, டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று. ஹெட்ஃபோன்கள் இரண்டும் 300 ஓம் மின்தடை. வெளியீட்டு மின்மாற்றி இல்லாத என் வால்வுப் பெட்டிக்கு வெளியீட்டு மின்தடை அதிகம். 650-இன் மின்தடையோ தாழ்ந்த ஒலிகளில் 300-ஐத் தாண்டி ஏறும். அங்கே மின்னழுத்தம் கூடி, மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) சற்றுப் பருத்து ஒலிக்கிறது. பிழைதான், எனக்குப் பிடித்த பிழை. டிரான்சிஸ்டர் பெட்டி கணக்குப்பிள்ளை மாதிரி. சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். மகனின் 37 ஓம் ஹைஃபைமேன் சுந்தரா ஹெட்ஃபோனை வால்வில் மாட்டினால் ஒலி வாடிவிடுகிறது. அதற்கு டிரான்சிஸ்டரே சரி.

கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் வால்வின் சூடு வேறு. மின்விசிறி போட்டால் அதன் சத்தமும் காதுக்குள் சுற்றுகிறது. வியர்த்துக்கொண்டே கேட்கிறேன். 800 எஸ்ஸை ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.