பழைய பிரிண்டருக்கு ‘டிரைவர் லைசென்ஸ்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே மனுக்களும் ஒப்பந்தங்களும் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்ததால், பழைய கணினியைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கினேன். பிரிண்டரை மட்டும் மாற்றவில்லை. எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கு அதன் காரணம் தெரியும்: அதற்கான 12ஏ கார்ட்ரிட்ஜ் எளிதில் கிடைக்கும், ரீஃபில் செலவும் குறைவு, நாள் முழுக்க அச்சடித்தாலும் சளைக்காது.

புதிய கணினியில் இணைத்தபோது அது அசையவே இல்லை. அதனுடன் வந்த சிடியைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. புதிய கணினியில் சிடி டிரைவே கிடையாது. கணினி பிரிண்டருடன் பேச உதவும் மென்பொருளான டிரைவரைக் கூகுளில் தேடினேன். முதலில் வந்தது விளம்பரம் என்பதைக் கவனிக்காமல் அதைத் திறந்ததுதான் நான் செய்த தவறு. தயாரிப்பு நிறுவனத்தின் பக்கம் போலவே அது இருந்தது. மாடல் எண்ணைக் கொடுத்ததும் பச்சைக் கோடு ஓடிப் பாதியில் நின்றது. பிழை என்று சிவப்பு எழுத்தும், அதற்குக் கீழே ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றின.

அந்த எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மிகவும் மரியாதையாக, “மேடம், பதற்றப்படாதீங்க, நாங்களே சரிபண்ணித் தர்றோம்” என்றார். அவர் சொன்ன செயலியை நிறுவியதும், கணினி அவர் கைக்குப் போனது. நான் மவுசைத் தொடாமலேயே அம்புக்குறி நகர்ந்து கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ‘ஈவன்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறந்தது. வரிசையாகச் சிவப்பு, மஞ்சள் குறிகள். வைரஸ் புகுந்திருக்கிறது, பிரிண்டரின் டிரைவர் லைசென்ஸும் காலாவதியாகிவிட்டது என்றார். 3,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 3,540 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். பணம் பெறுபவர் என்று திரையில் காட்டியது நிறுவனத்தின் பெயரை அல்ல, ஒரு தனிநபரின் பெயரை. அங்கேயே நின்றிருக்க வேண்டும். அனுப்பிய பிறகும் பிரிண்டர் ஓடவில்லை; “போர்டு போயிடுச்சு” என்று பிரிண்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைச் சொல்லி, இன்னும் 6,000 ரூபாய் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் அக்கா மகன் வந்து, முதல் வேலையாக இணைய இணைப்பைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்கினான். பிறகு என் கைப்பேசியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தான். ஈவன்ட் வியூவரில் அத்தகைய குறிகள் நன்றாக ஓடும் கணினியிலும் இருக்கும் என்று தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். பிரிண்டர் டிரைவரைத் தயாரிப்பு நிறுவனமே இலவசமாகத் தருகிறது. காலாவதியாகும் லைசென்ஸ் என்று எதுவும் அதற்கு இல்லை.

பிரிண்டருக்கும் பழுது இல்லை. இந்த மாடல் பக்கத்தைத் தானாக உருவாக்குவதில்லை. கணினியிலுள்ள டிரைவர்தான் பக்கம் முழுவதையும் புள்ளிகளாக மாற்றி அனுப்புகிறது. அதுமட்டுமன்றி, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பிரிண்டரின் இயக்க நிரலையும் கணினியே அதற்குள் ஏற்ற வேண்டும். ஆகவே சரியான டிரைவர் இல்லாதவரை அது செத்ததுபோல்தான் கிடக்கும். அந்தத் தோற்றத்தைக் காட்டித்தான் போர்டு போய்விட்டது என்று நம்மை நம்ப வைக்கிறார்கள். விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் வகை என்பதால், முந்தைய 32 பிட் வகை விண்டோஸுக்காக எழுதப்பட்ட பழைய டிரைவரும் அதில் ஏறாது.

அமைப்புகளில் பிரிண்டர் பகுதிக்குச் சென்று, பிரிண்டரைக் கைமுறையாகச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அங்கே ‘விண்டோஸ் அப்டேட்’ பொத்தானை அழுத்தினான். பட்டியல் வருவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. அதில் எங்கள் மாடல் இருந்தது. யுஎஸ்பி கேபிளைக் கழற்றி மாட்டியதும் உள்ளே உருளைகள் சுழலும் அந்தப் பழகிய ஓசை கேட்டது. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

அன்றிரவே 1930 எண்ணில் அழைத்துச் சைபர் குற்றப் புகார் பதிவு செய்தேன். வங்கிக்கும் எழுதிக் கொடுத்தேன். பணம் இன்னும் திரும்பவில்லை. இதே போன்ற பக்கத்தில் சிக்கி ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள், தொகை சிறியதுதானே என்று விட்டுவிடாமல் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் வெளியே எடுக்கப்படுவதற்குள் தகவல் சென்றால் அதை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம்.