ரூ.1,600க்குக் கைத்தையல் பெல்ட்: பக்கிளைத் தவிர எல்லாம் சரி

க்ரீம் கலர் பேன்ட் ஆல்டரேஷனுக்கு வந்தா இடுப்புப் பட்டியைத்தான் முதல்ல பார்ப்பேன். பெல்ட் உரசின இடம் கருப்பா இருக்கும். சென்னை வேர்வைக்கு பெல்ட்டோட சாயம் இறங்கிடும், சலவைக்குப் போட்டாலும் லேசுல போகாது. அதனால பெரியமேட்டுல ஒரு சந்துக்கடையில பெல்ட் சொல்லும்போது நான் போட்ட ஒரே கண்டிஷன்: உள்ளே சாயம் போடாத தோல்ல லைனிங் வேணும்.

கடைக்காரர் பாய் உடனே ரெண்டு துண்டு எடுத்துப் போட்டார். வெட்டின ஓரத்தைப் பாருங்க மாஸ்டர்னு காட்டினார். ஒண்ணுல நடுவுல நீலச் சாம்பல் ஓடுது, அது குரோம் உப்புல பதனிட்டது. இன்னொண்ணு முழுக்க வெளிர் பழுப்பு, மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. ஒரு காலத்துல ஆவாரம்பட்டை, இப்போ பெரும்பாலும் வாட்டில்ங்கிற மரத்தோட பட்டை. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்னு சொல்றது இதைத்தான், புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. லைனிங்குக்கு அதையே எடுத்துக்கிட்டேன்.

அளவுக்கு என் பேன்ட் சைஸைக் கேக்கவே இல்லை. போட்டிருந்த பெல்ட்டைக் கழட்டச் சொல்லி, பக்கிள் மடிப்புல இருந்து நான் மாட்டுற ஓட்டை வரைக்கும் டேப் வச்சார். அந்த அளவு நடு ஓட்டை. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. தொழில் தெரிஞ்ச ஆள்னு அங்கேயே புரிஞ்சுது.

ஒட்டுறதைத்தான் நின்னு பார்த்தேன். மேல்தோல் ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, லைனிங் ஒரு மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரல்ல ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டார். அப்புறம் மேல்தோலை மேஜையில நீட்டி வைக்காம, இடுப்புல இருக்கிற மாதிரி வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே லைனிங்கை உள்ளே அழுத்திக்கிட்டு வந்தார். ஒரு முழு வட்டத்துக்கு உள்வளைவு சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். நேரா வச்சு ஒட்டினா, மாட்டும்போது அந்த மிச்சம் லைனிங்ல சுருக்கமா நிக்கும். கோட்டு காலருக்கு அடித்துணியை ஒரு நூல் குறைச்சு வெட்டுறோமே, அதே கணக்கு. ரெடிமேட் பெல்ட்டுல உள்பக்கம் சுருங்கிக் கிடக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தையல் மெழுகு நூல்ல, ரெண்டு ஊசி. குத்தூசியால போட்ட ஒரே ஓட்டையில இந்தப் பக்கமிருந்து ஒண்ணு, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு. என் மெஷின் தையல்ல மேல்நூலும் பாபின் நூலும் நடுவுல கோர்த்து நிக்கும், ஒண்ணு அறுந்தா பக்கத்துத் தையலும் நெகிழ ஆரம்பிக்கும். இதுல ஒரு நூல் அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். அங்குலத்துக்கு ஏழு தையல், கோடு கொஞ்சம்கூடக் கோணலை. ஓரத்தைத் தேய்ச்சு, தண்ணி தொட்டு, கட்டையால பளபளப்பாக்கிக் கொடுத்தார்.

குறைன்னா பக்கிள்தான். முலாம் பூசினது, கம்பி உரசுற இடத்துல ரெண்டே மாசத்துல வெளுத்துடுச்சு. இவ்வளவு நல்ல வேலையில இந்த பக்கிளை ஏன் மாட்டினாங்கன்னு எரிச்சலா இருந்துச்சு. சொன்ன நாளைக்கும் தரலை. ரெண்டு தடவை போன் போட்டப்புறம்தான் கைக்கு வந்துச்சு. நீங்க போனா பித்தளை பக்கிள் கேளுங்க, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. பக்கிள் பக்கம் தைக்காம ஸ்க்ரூ வைக்கச் சொன்னா பின்னாடி நாமளே மாத்திக்கலாம்.

மழைக்காலம் முழுக்க தினமும் போட்டேன். நீளவும் இல்லை, இடுப்புல வளைஞ்சு சுருளவும் இல்லை. லைனிங் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கு. வெள்ளை பேன்ட்ல கறை இல்லை. இப்போ பெரியவனுக்கு ஒன்றேகால் அங்குல அகலத்துல ஒண்ணு சொல்லியிருக்கேன், பித்தளை பக்கிள், ஸ்க்ரூவோட.