கவனிப்பாரற்றுக் கிடந்த மீன் தொட்டியும் ஒரு சைஃபன் குழாயும்

அண்ணன் பணி மாறுதலில் சென்றபோது விட்டுப்போன மீன் தொட்டி, எட்டு மாதங்கள் கழித்து என் பொறுப்புக்கு வந்தது. 60 செ.மீ. நீளமும் ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அந்தத் தொட்டியில், ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றப்பட்டதே தவிர, பழைய நீர் ஒருமுறைகூட வெளியேற்றப்படவில்லை. முன்பக்கக் கண்ணாடியில் பாசி திரைபோலப் படர்ந்திருந்தது. சரளைக்கல்லை விரலால் கிளறினால் பழுப்புக் கசடு புகையாக எழுந்தது. இரண்டு கௌராமி மீன்களும் ஐந்து கோரிடோரஸ் மீன்களும் மட்டுமே எஞ்சியிருந்தன. நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடக்கூடிய இனங்கள் என்பதால் இவை தாக்குப்பிடித்திருக்கலாம். இத்தொட்டியை மீட்பதற்காக வாங்கிய சைஃபன் குழாயை நான்கு மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

கருவி எளிமையானது. ஒரு முனையில் சுமார் 5 செ.மீ. அகலமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் உருளை, அதிலிருந்து நீளும் மெல்லிய ஓஸ், நடுவே நீரை இழுத்துவிடுவதற்கான ரப்பர் குமிழ், அதனருகில் ஓட்டத்தைக் குறைக்க ஒரு கிளிப். குமிழை நான்கைந்து முறை அமுக்கினால் போதும். தொட்டியைவிடத் தாழ்வாக வாளி இருக்கும்வரை நீர் தானாகவே இறங்கும். இதன் சிறப்பு அந்த அகன்ற உருளையில்தான் இருக்கிறது. ஓஸில் விரைந்தோடும் அதே நீர் உருளைக்குள் மெதுவாகவே ஏறுவதால், கற்கள் சற்று எழும்பிச் சுழன்று மீண்டும் தம் எடையால் விழுகின்றன. எடை குறைந்த கசடு மட்டும் மேலேறி வாளிக்குப் போய்விடுகிறது. உருளையைக் கல்லுக்குள் அழுத்திப் பிடித்து, உள்ளே கலங்கிய நீர் தெளியும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

இக்கருவியை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் வேகமன்று, அது தரும் நிதானம். நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியை ஒரே நாளில் கவிழ்த்துக் கழுவத்தான் எவருக்கும் கை பரபரக்கும். மீன்களுக்கு அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. இந்த மாற்றத்தின்போது அமிலம் உண்டாவதால், பழைய நீரின் பிஎச் அளவு (அமிலம் கூடினால் குறையும் அளவீடு) நாளடைவில் இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் அம்மோனியா பெரும்பாலும் நச்சுக் குறைந்த அம்மோனியமாக இருக்கும். பிஎச் கூடிய புதுநீரை ஏராளமாக ஊற்றினால், அதுவே மறுபடி கொடிய அம்மோனியாவாக மாறிவிடும். ஆகவே தொட்டியின் தரையை மனத்துக்குள் நான்கு பாகங்களாகப் பிரித்துக்கொண்டு, நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு பாகம் என்று சுத்தம் செய்தேன். ஒவ்வொரு முறையும் வெளியேறியது ஏழெட்டு லிட்டர்தான். கிளிப்பை இறுக்கி ஓட்டத்தைக் குறைக்க முடிந்ததால், நீர் அளவு மீறிப் போகாமலே கல்லின் அடிவரை துழாவ முடிந்தது. வாளியில் சேர்ந்த அந்த நீரிலேயே வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்தேன். குழாய் நீரில் கழுவியிருந்தால் குளோரின் அந்த நுண்ணுயிரிகளை அழித்திருக்கும்.

குறைகளும் உண்டு. ஓஸ் சுருண்ட நிலையிலேயே பெட்டியில் வருகிறது. வெந்நீரில் சற்று நேரம் ஊறவைத்தால்தான் நேராகிறது. அதை வாளி விளிம்பில் மாட்டிவைக்க எந்தப் பிடிப்பும் தரப்படவில்லை. முதல் நாளே ஓஸ் நழுவி விழுந்து தரையெல்லாம் கசட்டு நீர் ஆயிற்று. அன்றிலிருந்து துணி உலர்த்தும் கிளிப் போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். இரண்டாம் மாதத்தில் ரப்பர் குமிழ் நீரை இழுக்க மறுத்தது. கழற்றிப் பார்த்தபோது, உள்ளிருக்கும் மடிப்பு வால்வில் ஒரு சிறு கல் சிக்கியிருந்தது. அதை எடுத்ததும் சரியாகிவிட்டது என்றாலும், குமிழைக் கழற்றலாம் என்ற செய்தியைக்கூட விளக்கத்தாளில் அச்சிடாதது பொறுப்பின்மைதான். உருளையின் மேல்முனையில் வலைத்தடுப்பு இருப்பதால் மீன் உள்ளே இழுபடும் அச்சம் இல்லை.

தொட்டியை மறுபடி அலங்கரித்தபோதுதான் கருவியின் எல்லையும் புரிந்தது. கோரிடோரஸ்கள் தரையைத் துழாவி உண்பவை. கூர்மையான கற்களில் அவற்றின் மீசை தேய்ந்துவிடும். அதனால் முன்பாதியில் இருந்த கல்லைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு, நன்கு அலசிய மென்மணலை இட்டேன். மணலில் இந்த உருளையை அழுத்தினால் கசட்டோடு மணலும் வாளிக்குப் போய்விடுகிறது. இரண்டு விரல் உயரத்தில் பிடித்து மெல்ல வட்டமிட்டால், மேலே கிடக்கும் கழிவு மட்டும் எழும்பி உள்ளே செல்கிறது. இதற்குக் கை பழகச் சில வாரங்கள் ஆயின. பின்புறம் ஒரு மரக்கட்டையை வைத்து, அதில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்னும் நீர்ச்செடிகளை நூலால் கட்டினேன். இவற்றின் கிடைத்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும் என்பதால் இப்படிக் கட்டுவதே நல்லது. செடியைச் சுற்றிச் சுத்தம் செய்யும்போது வேர் பெயர்ந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை.

கண்ணாடிப் பாசிக்கு இக்கருவி உதவாது. அதற்குத் தனியாகச் சுரண்டி வேண்டும். 30 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வைத்திருப்பவர்கள் இதைவிடக் குறுகிய உருளையுள்ளதைத் தேடுவது நல்லது. இதில் கசடு தீருமுன் நீர் தீர்ந்துவிடும். அதற்கு மேற்பட்ட தொட்டியை, அதிலும் நெடுநாள் கைபடாமல் கிடந்த ஒன்றை எடுத்துச் சீராக்குவோர் தயங்காமல் வாங்கலாம். இப்போது வாரம் ஒருமுறை பத்து லிட்டர் மாற்றுகிறேன். உருளையை மணலருகே கொண்டுபோகும்போது, விலகி ஓடாமல் ஐந்து கோரிடோரஸ்களும் அதன் பின்னாலேயே மணலைத் துழாவிக்கொண்டு வருகின்றன.