நெட்வொர்க் டயகிராமுக்கு விசியோவா டிரா.ஐஓவா: நான் மாறின கதையும் காரணமும்

நான் ஒரு காலேஜ்ல நெட்வொர்க்கைப் பாத்துக்கறவன். நெட்வொர்க் டயகிராம்னா எந்தக் கேபிள் எங்க போகுதுன்னு காட்டற படம், விசியோவும் டிரா.ஐஓவும் அதை வரையற சாஃப்ட்வேர். போன வருஷம் செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல, ஹாஸ்டல் பக்கம் சாக்கடைக்கு குழி தோண்டின ஜேசிபி எங்க ஃபைபர் கேபிளை அறுத்துடுச்சு. வேற ரூட்ல சுத்திட்டு வர்ற ஸ்பேர் கேபிள் ஒன்னு ஏற்கனவே போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அதோட இன்னொரு முனை எந்த ரேக்ல (நெட்வொர்க் பெட்டிங்க மாட்டற அலமாரி) இருக்குன்னு தெரிஞ்சா போதும், பத்து நிமிஷ வேலை. டயகிராமைப் பாத்தா லைப்ரரி ஸ்விட்ச் (பல கேபிளை ஒன்னா சேர்க்கற பெட்டி), அதுல 49-வது போர்ட், அதாவது கேபிள் சொருகற இடம்னு இருக்கு. லேப் அசிஸ்டென்ட் தம்பி அங்க ஓடிப்போயி போன் பண்றான், "சார், 49 காலியா இருக்கு சார், இந்த ரேக்குக்கு அந்தப் பக்கத்துலருந்து ஃபைபரே வரல". ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு பிளாக்கா திறந்து பாத்து, கடைசில மெக்கானிக்கல் லேப் ரேக்ல கெடைச்சது.

மறுநாள்தான் பாத்தேன், மெயின் ரேக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த ஏ3 பேப்பர்ல எனக்கு முன்னாடி இருந்தவர் பேனாவால சரியாவே எழுதி வச்சிருக்கார், "ஸ்பேர் - மெக் லேப்"னு. அவர் மேல தப்பே இல்ல. ஃபைல் விசியோல இருந்துச்சு, விசியோ போட்டிருந்த கம்ப்யூட்டர் ஒரே ஒன்னு, அதுவும் ஆபீஸ் ரூம்ல. கேபிளை மாத்தினது ரேக் பக்கத்துல, படத்தை மாத்த வேண்டியது வேற பில்டிங்ல. யார் போவா?

அன்னைக்கு அப்புறம்தான் எந்த சாஃப்ட்வேர்ங்கறதை உக்காந்து யோசிச்சேன். நம்மகிட்ட 43 ஸ்விட்ச், நாலு பிளாக், ரெண்டு ஹாஸ்டல், ஒரு ஃபயர்வால். பெரிய நெட்வொர்க் இல்ல, ஆனா ஒரு ஆள் மண்டைக்குள்ள வச்சுக்கற அளவும் இல்ல.

விசியோவப் பத்தி முதல்ல நியாயமா சொல்லிடறேன். 1992-லருந்து இருக்கற சாஃப்ட்வேர், 2000-ல மைக்ரோசாஃப்ட் வாங்கினாங்க. வரையறதுல அது இன்னைக்கும் நல்லா இருக்கு, லைன் ஒட்டறது, ஒரே அளவுல அடுக்கறது எல்லாம் கைக்கு சுகம். அதை விட முக்கியம் ஸ்டென்சில், அதாவது இழுத்துப் போட ரெடியா இருக்கற படங்க. ஸ்விட்ச், சர்வர் தயாரிக்கற கம்பெனிகளே அவங்க மாடலோட முன்பக்கம் பின்பக்கம் போர்ட் போர்ட்டா வரைஞ்சு விசியோ ஸ்டென்சிலா குடுப்பாங்க. 42 யு (யுங்கறது ரேக் உயரத்தோட அளவு) ரேக்கை அப்படியே போட்டோ மாதிரி வரையணும்னா விசியோகிட்ட மத்ததெல்லாம் நிக்க முடியாது. டேட்டா சென்டர் வேலை பாக்கறவங்க, ஆபீஸ்ல எல்லாருக்கும் லைசென்ஸ் வாங்கித் தர்ற இடத்துல இருக்கறவங்க, அதுலயே இருங்க, மாறறதுக்கு அவசியமில்ல.

என் பிரச்சனை லைசென்ஸ் விலை கூட இல்ல. ஒரு லைசென்ஸ் வாங்கித் தரச் சொன்னா நிர்வாகம் தந்துடும். ஆனா ஒன்னுதான் தரும், அதுவும் என் பேருல. டெஸ்க்டாப் விசியோ விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், எங்க லேப் தம்பிங்க பாதிப் பேர் லினக்ஸ். அப்போ ஃபைலைத் திருத்த முடியற ஆள் நான் ஒருத்தன்தான், நான் லீவுல இருக்கற அன்னைக்கு எவனாவது ஒரு அப்லிங்கை (ஸ்விட்ச்லருந்து மெயின் பக்கம் போற கேபிள்) மாத்தினா படம் அன்னைக்கே பொய்யாயிடும். தப்பான படம் படமே இல்லாததை விட மோசம்ங்க, இல்லாட்டி நேரா கேபிளைப் பிடிச்சுட்டுப் போயிருப்போம், இருந்ததாலதான் லைப்ரரிக்கு ஓடினோம்.

அதனால நான் பாத்தது ஒன்னே ஒன்னு: ரேக் முன்னாடி நிக்கறவன் அந்த நிமிஷமே ஃபைலைத் திறந்து திருத்த முடியுமா? இதை வச்சுப் பாத்தா டிரா.ஐஓ எங்கயோ முன்னாடி நிக்குது.

காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் டெஸ்க்டாப் ஆப் இருக்கு, அக்கவுண்ட் எதுவும் கேக்காது. நடுவுல 2020 வாக்குல டயகிராம்ஸ்.நெட்னு பேரை மாத்தினாங்க, ஆனா எல்லாரும் பழைய பேர்லதான் கூப்பிட்டோம். சிஸ்கோ ஐகான், ரேக், சாதாரண நெட்வொர்க் ஷேப் எல்லாம் உள்ளயே இருக்கு, இடது பக்கம் கீழ இருக்கற மோர் ஷேப்ஸ்ல போயி டிக் பண்ணிக்கணும், பல பேர் இதப் பாக்காமலே ஷேப் இல்லன்னு சொல்லிட்டு போயிடறாங்க.

எனக்கு மனசுல நின்னது பிஎன்ஜி விஷயம். எக்ஸ்போர்ட் பண்ணும்போது டயகிராமோட காப்பியையும் உள்ள சேர்க்கவான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். அதைப் போட்டு எடுத்த பிஎன்ஜியை வாட்ஸப்ல டாகுமெண்ட்டா அனுப்பினா, பாக்கறவனுக்கு அது சாதா படம், டிரா.ஐஓல திறந்தா முழுசா எடிட் பண்ற ஃபைல். மூணு வருஷம் கழிச்சு ஒரிஜினல் ஃபைல் எங்கன்னு யாருக்கும் தெரியலன்னாலும் அந்தப் படம் ஒன்னு இருந்தா போதும். போட்டோவா அனுப்பாதீங்க, வாட்ஸப் சுருக்கும்போது உள்ள இருக்கறது போயிடும்.

அப்புறம் ஃபைல் உள்ள இருக்கறது எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்து. நாங்க அதை எங்க சர்வர்லயே கிட் (ஃபைல்ல நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கற சாஃப்ட்வேர்) போட்டு வச்சிருக்கோம், யார் எந்தத் தேதில எதை மாத்தினாங்கன்னு தெரியுது. ப்ராப்பர்ட்டீஸ்ல கம்ப்ரெஸ்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ஆஃப்ல இருக்கணும், இல்லாட்டி கிட்ல வெறும் கிறுக்கல்தான் தெரியும்.

வரையற விதத்துலயும் ஒரு முடிவு எடுத்தேன். முதல் பேஜ்ல மெயின் ஸ்விட்சும் அப்லிங்கும் மட்டும், அப்புறம் பிளாக்குக்கு ஒரு பேஜ். விலேன் (ஒரே நெட்வொர்க்கைப் பிரிச்ச தனித்தனி பகுதி), ஐபி அட்ரஸ் எல்லாம் தனி லேயர், வேணும்னா காட்டலாம், இல்லாட்டி மறைச்சுக்கலாம். கேபிள் எந்த லேயர், ரூட்டிங் எந்த லேயர்னு பிரிக்காம எல்லாத்தையும் ஒரே படத்துல திணிச்சா எந்த சாஃப்ட்வேரும் காப்பாத்தாது. லைனோட ரெண்டு முனையிலயும் டபுள் கிளிக் பண்ணி போர்ட் நம்பரைத் தனித்தனியா எழுதிடுவேன், ஸ்விட்சை நகர்த்தினா நம்பரும் கூடவே வரும். அந்த 49-க்கு அப்புறம் போர்ட் நம்பர் இல்லாத லைனை நான் ஒத்துக்கறதே இல்ல.

குறை இல்லாம இல்ல. ஒரே ஸ்விட்சுக்கு இருபது லைன் வந்தா அது தானா போடற வழி சிக்கலாயிடும், ஒவ்வொன்னா வளைச்சு விடணும். பழைய ஃபைல் விசியோவோட பழைய ஃபார்மேட்டான விஎஸ்டியா இருந்துச்சு, விசியோ இருந்த அதே மெஷின்ல புது ஃபார்மேட்டான விஎஸ்டிஎக்ஸா மாத்தி இம்போர்ட் பண்ணேன், பெட்டியெல்லாம் வந்துச்சு, லைன் பாதி ஸ்விட்சை விட்டு கழண்டு நின்னுச்சு. அதைத் திருத்தறதை விட புதுசா வரையலாம்னு நாலு நாள் உக்காந்து வரைஞ்சேன், வரையும்போதே ஒவ்வொரு ரேக்கையும் நேர்ல போயி பாத்ததால பழைய படத்துல இன்னும் ஆறு இடம் தப்புன்னு தெரிஞ்சுது.

பிரவுசர்ல வரையற லூசிட்சார்ட்டும் பாத்தேன். அழகா இருக்கு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல வரையறதுல அது பிரமாதம். ஆனா ஃப்ரீ அக்கவுண்ட்ல எத்தனை டாகுமெண்ட், ஒன்னுல எத்தனை ஷேப்னு கட்டுப்பாடு இருக்கு, எங்க ஒரு ஹாஸ்டல் பிளாக்கே அதைத் தாண்டிடும். நான் ரெண்டு வாரம்தான் தொட்டேன், காசு கட்டி டீமா பயன்படுத்தறவங்க சொல்றதுக்கு என் பேச்சை விட மதிப்பு அதிகம். எனக்கு இடிச்சது வேற: ஃபயர்வால் எங்க இருக்கு, மேனேஜ்மென்ட் ஐபி என்னன்னு மொத்தமா இருக்கற படம் வெளில ஒரு கிளவுட்ல இருக்கறது. திருடனுக்கு வீட்டு பிளான் குடுக்கற மாதிரி அது. டிரா.ஐஓ டெஸ்க்டாப்ல ஃபைல் நம்ம மெஷினை விட்டு போறதில்ல, அந்த நிம்மதி எனக்கு வேணும்.

ஒய்இடின்னு ஜெர்மன் கம்பெனி ஒன்னோட இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை மறந்துடாதீங்க. எந்த ஸ்விட்ச் எதோட சேர்ந்திருக்குன்னே தெரியாத இடத்துக்குப் புதுசா வேலைக்குப் போறீங்கன்னா, ஒவ்வொரு ஸ்விட்ச்லயும் எல்எல்டிபி நெய்பர் லிஸ்ட் (தன்னோட எது சேர்ந்திருக்குன்னு ஸ்விட்சே சொல்ற லிஸ்ட்) எடுத்து எக்செல்ல ரெண்டு காலமா போட்டு அதுல ஏத்துங்க, தானா அடுக்கித் தரும். ஒரு தடவை பாத்துத் தெரிஞ்சுக்க அருமை. தினமும் வச்சுக்கறதுக்கு எனக்கு சரிப்படல, புது ஸ்விட்ச் ஒன்னு சேர்த்து மறுபடி அடுக்கச் சொன்னா மொத்தப் படமும் இடம் மாறுது, நேத்து மேல இருந்த லைப்ரரி இன்னைக்கு கீழ போயிடுது, கண்ணுக்குப் பழகின இடம் போச்சு.

பாக்கெட் ட்ரேசரை (நெட்வொர்க் பழக சிஸ்கோ தர்ற சாஃப்ட்வேர்) இதுல சேர்க்கலாமான்னு பசங்க கேப்பாங்க. அது படிக்க, டெஸ்ட் பண்ண, இருக்கற கேபிளை எழுதி வைக்க இல்ல.

இப்போ ரேக் கதவுல ஏ3 பேப்பர் இன்னும் இருக்கு, மூலையில பிரிண்ட் எடுத்த தேதியோட. போன மாசம் தம்பி கேண்டீன் ஸ்விட்சோட அப்லிங்கை 51-க்கு மாத்தினான், அவன் லேப்டாப்லயே அங்கயே உக்காந்து படத்தை மாத்தி, புது பிரிண்ட்டை ஒட்டிட்டுத்தான் எனக்கு போன் பண்ணான். நான் அன்னைக்கு ஊர்ல, தங்கச்சி வீட்டு விசேஷத்துல இருந்தேன்.